அப்பாவின் 11 மாத்திரைகளில் எதை நிறுத்தலாம்?

நீங்கள் கேட்டது இது. அப்பாவுக்கு 79 வயது, எடை 52 கிலோ. சுகருக்கும் பிரஷருக்கும் ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு ஒருவர், சிறுநீர்ப் பிரச்சினைக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர். எல்லாம் சேர்த்து 11 வகை மாத்திரை. ஆறு மாதமாகக் கை நடுக்கம், கால் தரையை உரசுகிற மாதிரி நடை. போன மாதம் பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரையும் சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம் காலையில் எழுந்தால் கண் இருட்டுகிறது, இரண்டு முறை விழுந்தும் விட்டார். “இதில் எதை நிறுத்தலாம்?” என்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் வேறொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. நான்கு டாக்டர்களும் அவரவர் நோய்க்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 11ஐயும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் யார்? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் யாரும் இல்லை. அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

நான் ஒரு சிறு நகரத்தில் 23 வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். முதியோர் மருத்துவத்தில் தனிப் பட்டம் வாங்கியவள் இல்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் 65ஐத் தாண்டியவர்கள் என்பதால் கற்றுக்கொண்டது. அப்பாவை நேரில் பார்க்காமல் ‘இதை நிறுத்துங்கள்’ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எந்த மாத்திரைமேல் எனக்குச் சந்தேகம், ஏன் சந்தேகம், அதை எப்படி டாக்டரிடம் எடுத்துப் போவது என்பதைச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே எதையும் நிறுத்திவிடாதீர்கள். அவர் இரவில் போடும் தூக்க மாத்திரையான அல்பிரசோலத்தைத் திடீரென்று விட்டால் படபடப்பு, குழப்பம், சிலருக்கு வலிப்புகூட வரும். பார்க்கின்சன் மாத்திரையையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. மெட்டோபுரோலால் மாதிரி இதய மாத்திரைகள், நீண்டகாலம் போட்ட ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

சரி, உங்கள் பட்டியலில் என் கண் முதலில் போய் நின்ற இடம் சின்னரிசின். இரண்டு வருடத்துக்கு முன் தலைசுற்றலுக்காக எழுதியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறீர்கள். தலைசுற்றலுக்குச் சில நாட்களோ சில வாரங்களோ கொடுக்கிற மாத்திரை அது. மாதக்கணக்கில் போனால், அதுவும் வயதானவர்களுக்கு, உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் வேலை செய்வதைத் தடுத்து அச்சு அசல் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் விறைப்பும் மெதுவான நடையும் கொண்டுவரும். இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட விஷயம். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃபுளூனரிசின், வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைடு எல்லாம் இதே ரகம். மருந்தின் விளைவைப் புது நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு இன்னொரு மருந்து எழுதுவது, அந்த மருந்தின் விளைவுக்கு மற்றொன்று எழுதுவது என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும். உங்கள் அப்பா விஷயத்தில் அப்படி நடந்திருக்கலாம் என்பதுதான் என் சந்தேகம். பார்க்கின்சனுக்காகச் சேர்த்த லெவோடோபா, எழுந்து நின்றவுடன் பிரஷரை இறக்கும். ஏற்கெனவே பிரஷருக்கான டெல்மிசார்டன் இருக்கிறது, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் இருக்கிறது, அதுவும் பிரஷரை இறக்கும். காலையில் கண் இருட்டுவதற்கும் விழுவதற்கும் வேறு காரணம் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

ஆனால் இது சந்தேகம்தான், முடிவு இல்லை. உண்மையான பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், மருந்தால் வருவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். நேரில் பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. சின்னரிசினை நிறுத்திய பிறகு பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நடை திரும்பிவிடும். சிலருக்குத் திரும்பாது. அவர்களுக்கு உள்ளே ஏற்கெனவே நோய் தொடங்கியிருக்கும், மாத்திரை அதை முன்கூட்டியே வெளியே காட்டியிருக்கும். உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்பதை நிறுத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதுவும் நரம்பு டாக்டரின் கண்காணிப்பில். “இந்த சின்னரிசின் இன்னும் தேவையா, நடுக்கத்துக்கு இது காரணமாக இருக்குமா?” என்று நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அவருக்கு அந்த மாத்திரை பற்றித் தெரியாமலே இருந்திருக்கலாம். வேறொருவர் எழுதியது, சீட்டு தொலைந்துபோயிருக்கும், மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டிருப்பார்.

அட்டை என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. வயதானவர்கள் யார் வந்தாலும், “வீட்டில இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோட கொண்டு வாங்க” என்று சொல்லி அனுப்புவேன். சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டி மஞ்சள் துணிப்பையைக் கவிழ்த்தார். முழு அட்டை நாலைந்துதான். மற்றதெல்லாம் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டுகள். ஒன்றில் பெயரின் கடைசி மூன்று எழுத்து மட்டும், இன்னொன்றில் விலை மட்டும். ஒரு ரப்பர் பேண்டுக்குள் வெள்ளை வட்ட மாத்திரைகள் இரண்டு வகை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. “இது காலையில, இது ராத்திரி. வெளிச்சம் இல்லன்னா கொஞ்சம் மாறிடும் டாக்டரம்மா” என்றார். மருந்துக் கடைக்காரரிடம் ஃபோனில் கேட்டுக் கேட்டுப் பிரித்தபோது, டெல்மிசார்டன் இரண்டு வேறு கம்பெனிப் பெயர்களில் இருந்தது. அரசு மருத்துவமனையில் கொடுத்தது ஒன்று, தனியார் டாக்டர் எழுதியது ஒன்று. இரண்டையும் மூன்று மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். சீட்டை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. உங்கள் அப்பாவின் பையிலும் முதலில் இதைத்தான் தேடுங்கள். வேறு வேறு பெயரில் ஒரே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே மருந்தின் பெயரும் இருக்கும். அந்த மருந்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இனிமேல் துண்டாக வாங்க வேண்டாம். முழு அட்டையாக வாங்குங்கள்.

அடுத்தது கிட்னி. ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.3, ‘நார்மல்’ என்று போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். வயதானவர்கள் விஷயத்தில் இந்த நார்மலை நம்ப முடியாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைக் கிட்னிதான் வெளியேற்றும். தசை வற்றிப்போன 79 வயது உடம்பு அதைக் குறைவாகத்தான் உண்டாக்கும். கிட்னி மெதுவாக வடிகட்டினாலும் ரத்தத்தில் எண் ஏறாது. மருந்தின் அளவைத் தீர்மானிக்க, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்கை, 1976இல் வந்ததை, நாங்கள் இன்னும் பயன்படுத்துகிறோம். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு வரும் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 34 மில்லி வருகிறது. அதே 1.3 ஒரு 40 வயது, 70 கிலோ ஆளுக்கு இருந்தால் 75 வரும். ஒரே எண், கிட்னியின் திறன் பாதிக்கும் கீழே. அவர் கால் எரிச்சலுக்குப் போடும் பிரீகாபலின் முழுக்க முழுக்கக் கிட்னி வழியாக வெளியேறுவது. 30க்கும் 60க்கும் இடையில் இருந்தால் அதன் அளவைப் பாதியாக்க வேண்டும் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. இல்லையென்றால் பகலெல்லாம் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம்.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது லேப் ரிப்போர்ட்டிலேயே இ.ஜி.எஃப்.ஆர். என்று ஓர் எண் வருகிறது. அதுவும் கிட்னி வடிகட்டும் திறனைச் சொல்வதுதான், ஆனால் வேறு கணக்கு. உங்கள் அப்பாவுக்கு அதில் 55ஐ ஒட்டி வரும். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு அந்த எண்ணைத்தான் பார்க்கிறோம். 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும், 45க்குக் கீழே போனால் அளவைக் குறைக்க யோசிக்க வேண்டும். 34ஆ 55ஆ, எது உண்மை என்று கேட்டால், மெலிந்த வயதானவர்களுக்கு எதுவும் துல்லியம் இல்லை. இரண்டும் இவ்வளவு விலகி நின்றால் நான் குறைந்த எண்ணை வைத்து எச்சரிக்கையாக எழுதுவேன். அது என் வழக்கம்; எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன்.

மூட்டு வலி வரும்போது மட்டும் போடுவதாகச் சொன்ன அசிக்ளோஃபினாக், எனக்கு மிகவும் கவலை தருகிற மாத்திரை. டெல்மிசார்டன், கால் வீக்கத்துக்கான ஃபியூரோசமைடு, இதோடு வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் கிட்னிக்குள் போகும் ரத்த ஓட்டம் மூன்று பக்கமும் அடைபட்ட மாதிரி ஆகிவிடும். கோடையில் வியர்த்து, ஒரு நாள் வயிற்றுப்போக்கும் வந்தால் போதும், சிறுநீர் நின்று மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆகும். கூடவே ஆஸ்பிரினும் போடுகிறார், வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். மலம் கறுப்பாகப் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் காட்டுங்கள். வலிக்கு முதலில் பாரசிட்டமால், ஒரு நாளைக்கு மொத்தம் 3 கிராமைத் தாண்டாமல். மூட்டுக்கு மேலே தடவும் ஜெல் உள்ளே போவது மிகக் குறைவு, அது பரவாயில்லை. ‘வலிக்கு ஊசி போட்டுக்கிட்டு வந்தேன்’ என்று வயதானவர்கள் லேசாகச் சொல்வார்கள். அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபினாக்தான், இதே வேலையைத்தான் செய்யும்.

கால் வீக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவருடைய பிரஷர் மாத்திரையில் டெல்மிசார்டனோடு அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது. அம்லோடிபின் பலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். அது உடம்பில் நீர் தேங்கியதால் வருவது இல்லை, அதனால் சிறுநீரைக் கூட்டும் ஃபியூரோசமைடுக்கு அது சரியாகக் கேட்காது. வீக்கம் அம்லோடிபின் தொடங்கிய பிறகு வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் ஃபியூரோசமைடு இரண்டாவது சங்கிலி. ஏற்கெனவே புராஸ்டேட் பிரச்சினை உள்ளவருக்கு இன்னும் சிறுநீர், இரவில் நான்கு முறை எழுந்திருக்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில் பாத்ரூமுக்கு நடக்க வேண்டும். விழுவது பெரும்பாலும் அந்த நடையில்தான். ஆனால் இதய பலவீனத்துக்காக அந்த மாத்திரை எழுதப்பட்டிருந்தால் கதையே வேறு. அப்போது அதை நிறுத்துவது ஆபத்து. எதற்காக எழுதினார்கள் என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது.

சுகருக்கு வருவோம். மூன்று மாதச் சராசரி 6.4 என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். 79 வயதில், கிளிமெபிரைடு போடுகிறவருக்கு அந்த எண் எனக்குச் சந்தோஷம் தரவில்லை. பல நோய்கள் உள்ள வயதானவர்களுக்கு 8க்குள் இருந்தாலே போதும் என்பது இப்போது பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. நல்ல திடமாக இருப்பவர்களுக்கு 7, 7.5. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு இரண்டும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைப் பிழிந்து வெளியே தள்ளும். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருந்துவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டவர்களை மயங்கிய நிலையில் கொண்டுவந்து நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இளையவர்களுக்குச் சுகர் குறைந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும். வயதானவர்களுக்கு அந்த எச்சரிக்கைகள் மங்கிவிடும். நேராகக் குழப்பம், சம்பந்தமில்லாத பேச்சு, அல்லது விழுவது. விழுந்த அன்று சுகர் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இனி விழுந்தால் தூக்கி உட்கார வைத்ததும் முதல் வேலை அதுதான். தலையில் அடிபட்டிருந்தால், ஆஸ்பிரினும் போடுகிறவர் என்பதால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

இரவு மாத்திரையைப் பற்றிச் சொல்லும்போது நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்து நான்காவது வருடம். அக்கி வந்து ஆறிய பிறகும் வலி தாங்காமல் தூக்கமில்லாமல் தவித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அமிட்ரிப்டிலின் 25 மி.கி. எழுதினேன். வலிக்குச் சரியான மருந்துதான். மூன்றாம் நாள் அடிவயிறு கல் மாதிரி வீங்கி, சிறுநீர் சொட்டுக்கூட வராமல், மகனை யாரென்று தெரியாமல் பேசிக்கொண்டு வந்தார். அவருக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தது. நான் கேட்கவில்லை. குழாய் போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தோம், மறுநாள் தெளிந்துவிட்டார். “வயசாச்சு, புத்தி தடுமாறுது” என்றுதான் வீட்டார் நினைத்திருந்தார்கள். அதிலிருந்து, வயதானவருக்கு எந்தப் புதுத் தொல்லை வந்தாலும், கடைசியாகத் தொடங்கிய மாத்திரை எது என்று கேட்ட பிறகுதான் பேனாவை எடுப்பேன். உங்கள் அப்பாவுக்கும் புராஸ்டேட் பிரச்சினை இருப்பதால் இதைச் சொல்கிறேன். சளி பிடித்தால் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் குளோர்பெனிரமின் இருக்கும். அதுவும் இதே ரகம்: வாய் உலரும், மலம் இறுகும், சிறுநீர் அடைக்கும், புத்தி மங்கும். அல்பிரசோலத்தைப் பொறுத்தவரை, விழுவதற்கும் இடுப்பு எலும்பு முறிவுக்கும் அது காரணமாவது உறுதி. ஆனால் வருடக்கணக்கில் போட்டவருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியும். ஏற்கெனவே பல மாற்றம் நடக்கும்போது இதைக் கடைசியாக எடுங்கள் என்பது என் யோசனை.

மருந்தைக் குறைப்பது மட்டுமே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதாகிவிட்டது என்று தேவையான மருந்தை எழுதாமல் விடுவதும் அதே அளவு தவறு. 80ஐத் தாண்டியவர்களுக்கும் உயர் பிரஷருக்கு மருந்து கொடுத்தால் பக்கவாதமும் இதய பலவீனமும் குறைகின்றன, உயிரிழப்பும் குறைகிறது என்று 2008இல் வந்த ஹைவெட் ஆய்வு காட்டியது. அவர்கள் வைத்த இலக்கு 150/80. எவ்வளவு கீழே இறக்குவது என்பதில்தான் இன்னும் ஒரே கருத்து இல்லை. நின்றால் கண் இருட்டுகிற ஒருவருக்கு உட்கார்ந்திருக்கும்போது 120 வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆஸ்பிரின் விஷயம் அவருடைய வரலாற்றைப் பொறுத்தது. மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், ஸ்டென்ட் வைத்திருந்தால், தொடவே கூடாது. எதுவும் வராமல் ‘முன்னெச்சரிக்கையாக’ எழுதியது என்றால், 70ஐத் தாண்டியவர்களுக்கு அதனால் பயன் இல்லை, ரத்தக் கசிவுதான் கூடுகிறது என்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2018இல் வெளிவந்த ஆஸ்ப்ரீ ஆய்வு சொல்லிவிட்டது. கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஒரு முறை மாரடைப்பு வந்தவருக்கு அது வேண்டும். இதய நோயே இல்லாமல் 75க்கு மேல் புதிதாகத் தொடங்கினால் எவ்வளவு பயன் என்பதற்குச் சான்று குறைவு. கேஸ் மாத்திரை என்று சொல்லும் பான்டோபிரசோலை, ஆஸ்பிரின் தொடரும்வரை நானும் விட்டுவைப்பேன்.

வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறதே, அதைப் பார்த்துச் சரிபார்த்துவிடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் தொடங்கியது ஒன்று, அதை 2023இலும் புதுப்பித்தார்கள். அயர்லாந்திலிருந்து 2008இல் வந்த ஸ்டாப்-ஸ்டார்ட் பட்டியல் இன்னொன்று, எதை நிறுத்துவது என்பதோடு எதைத் தொடங்க மறந்துவிட்டோம் என்பதையும் சொல்கிறது. இரண்டையும் நான் பார்க்கிறேன். ஆனால் அமெரிக்காவில் சின்னரிசின் விற்பனையிலேயே இல்லை. அங்கே எழுதிய பட்டியலை மட்டும் நம்பினால் உங்கள் அப்பாவின் பையில் எனக்கு முதலில் பட்ட மாத்திரை கண்ணுக்கே தெரியாது. அதேபோல் இருமலுக்கு மெல்லும் அதிமதுரம் எந்தச் சீட்டிலும் இருக்காது. நிறையச் சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். ஃபியூரோசமைடு போடுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. லேகியம், சூரணம், கஷாயம் எது எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். ‘திட்டுவார்’ என்று பயந்து மறைத்துவிடுகிறார்கள்.

யாரிடம் போவது? நான்கு பேரில், அப்பாவை அதிகக் காலமாகப் பார்க்கிற பொது மருத்துவர் ஒருவரை முடிவு செய்யுங்கள். இனி மற்ற மூவரும் எழுதுவது அவர் கண்ணில் பட்ட பிறகே தொடங்க வேண்டும். முடிந்தால் ஒரு தடவை முதியோர் மருத்துவப் பிரிவிலும் காட்டுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோருக்குத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள், பேராசிரியர் வி.எஸ். நடராஜன் முயற்சியில். கிண்டியில் 2024இல் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் தனித் துறை உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால், தனியாரிடம் வாங்கும் பட்டியலையும் அந்தப் பணியாளரிடம் காட்டுங்கள். அந்தப் பாட்டிக்கு நடந்தது உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது.

போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் எழுந்ததும் அப்பாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். அப்புறம் கட்டிலைப் பிடித்தபடி நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை. நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். தள்ளாடினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுவே பெரிய தடயம். மூன்று நாள் பார்த்து எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் இரண்டு முறை விழுந்திருக்கிறார் என்பதால், அந்த மூன்று நாளுக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். பையையும் எடுத்துப் போங்கள், மருந்தின் பெயர்களையும், எந்த மாதம் எது தொடங்கியது என்பதையும் எழுதிய ஒரு பக்கத்தையும். ஒரே சமயத்தில் நாலைந்தை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒன்றை மாற்றி, இரண்டு வாரமாவது பார்த்து, அடுத்ததுக்குப் போனால்தான் எதனால் என்ன மாறியது என்று தெரியும். கிளிமெபிரைடும் வலி மாத்திரையும் மட்டும் அதற்கு விதிவிலக்கு, முதல் நாளே அவற்றைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

சின்னரிசினை நிறுத்தச் சொன்னால் அன்றைய தேதியை அந்தப் பக்கத்தில் குறித்து, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வாசல்வரை போய்த் திரும்புவதை ஃபோனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். மாதம் ஒரு தடவை அதே இடத்தில், அதே நேரத்தில். தினமும் கூட இருந்து பார்ப்பவர்களுக்கு நடையில் வரும் மெதுவான மாற்றம் தெரியாது. ஆறு மாதம் கழித்து நரம்பு டாக்டர் முன்னால் அந்த வீடியோக்களை வரிசையாகப் போட்டுக் காட்டுங்கள், லெவோடோபாவைத் தொடரலாமா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.